கலப்பத்துக்காரர் ஜில்தாஸின் வயிற்றெரிச்சல்

ஜில்தாஸ் லெ கல்வேக்கு ஆண்டவன் இரண்டு வரங்கள் அளித்திருந்தான். ஒன்று கலப்பத்து வேலை: கப்பல் பலகைகளின் இடுக்கில் பழங்கயிற்று நாரைத் திணித்து, கொட்டாப்புளியால் அடித்து இறுக்கி, மேலே கொதிக்கிற கீலை ஊற்றிச் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் அடைப்பது. மற்றது பொறாமை. முதலாவதை அவர் இளவயதில் அடி வாங்கிக் கற்றுக்கொண்டார். இரண்டாவதைக் கற்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பிரெஞ்சுக் கரையிலிருந்த லோரியான் துறைமுகத்தில் நல்ல கலப்பத்துக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவரளவுக்குப் பொறாமைப்படத் தெரிந்தவர் பிரித்தானி மாகாணத்திலேயே கிடையாது என்று அவர் மனைவி பெலாஜி சத்தியம் செய்து சொல்வாள்.

கண்டவர் மேலெல்லாம் பொறாமைப்படுகிற அற்பர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பன்றி கொழுத்தால் மனமாரப் பாராட்டுவார். எதிர்வீட்டுக்காரருக்குச் சொத்து வந்தால் போய் விசாரித்துவிட்டு, கொடுத்ததைக் குடித்துவிட்டு, நிம்மதியாகத் தூங்குவார். அவருடைய பொறாமை ஒரே சன்னிதியில் மட்டும் விளக்கேற்றுகிற பக்தி. அந்தச் சன்னிதியின் பெயர் அர்மெல் ஜெகூ. பெலாஜியின் அண்ணன், கப்பல் தச்சர்களின் மேஸ்திரி, ஆறடி உயரம், தலை நிறைய முடி. ஜில்தாஸுக்கு முடி உதிர ஆரம்பித்தபோதுகூட அவர் முதலில் பார்த்தது கண்ணாடியை அல்ல, மச்சானின் தலையை.

அந்தச் சமயத்தில் லோரியான் கட்டுமேடைகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போர்க்கப்பல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மூன்று பாய்மரம், ஒற்றை வரிசைப் பீரங்கி, வேகத்துக்கென்றே செதுக்கிய உடம்பு. இரண்டுக்கும் ஒரே பொறியாளர், ஒரே வரைபடம், ஒரே காட்டிலிருந்து வந்த ஓக் மரம். இடம் மாற்றி வைத்தால் வரைந்தவருக்கே அடையாளம் தெரியாது. ஒன்றுக்கு ஃபியேர் என்று பெயர் வைத்தார்கள், கர்வக்காரி என்று அர்த்தம். அதற்கு மேஸ்திரி அர்மெல். மற்றதற்கு செரேன், சலனமற்றவள். அதில் கலப்பத்துக் கும்பலுக்குத் தலைவர் ஜில்தாஸ். செரேனுக்கும் ஒரு தச்சு மேஸ்திரி இருக்கத்தான் இருந்தார். பாவம், அவருக்கு அந்தக் கப்பலைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விடுவார். எனவே தகப்பன் ஸ்தானத்தை ஜில்தாஸ் தானே எடுத்துக்கொண்டார்.

அவர் வேண்டியது ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவை, மச்சான் அர்மெல் தன் வாயால் "உன் செரேன்தான் தேவல" என்று சொல்லிக் காதால் கேட்க வேண்டும். பேரரசர் ஐரோப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் பேராசை அல்ல.

ஃபியேர் முதலில் நீரில் இறங்கினாள். வெயில் அடித்தது, பாண்டு வாசித்தது, பாதிரியார் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் வெண்ணெய் தடவிய தட்டில் அப்பம் வழுக்குவதுபோல் வழுக்கிப் போய் ஆற்றில் அமர்ந்தாள். ஊரே தொப்பியைக் கழற்றி வீசியது. அடுத்து செரேனின் முறை. அன்று தூறல். சாய்மேடையில் தடவிய கொழுப்பில் யாரோ கஞ்சத்தனம் செய்திருந்தார்கள். பாதி வழி வந்தவள் நின்றுவிட்டாள். பாண்டுக்காரர்கள் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கூட்டத்திலிருந்து அர்மெலின் குரல் கேட்டது.

"மாப்ள, பொண்ணு மாமியா வீட்டுக்குப் போக மாட்டேங்குதே. அழுவுதா பாரு."

"கூச்சம் மச்சான்," என்றார் ஜில்தாஸ், மழையில் நனைந்தபடி. "நல்ல குடும்பத்துப் பொண்ணு அப்படித்தான். சிலது மாதிரி கூப்புடறதுக்கு முன்னாடியே குதிச்சு ஓடாது."

கூட்டம் சிரித்தது. ஆனால் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, மறுநாள் காலை நீரேற்றத்தில், கயிறு கட்டி இழுத்துத்தான் செரேனை இறக்க வேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஜில்தாஸும் ஒரு நாயும்.

அதற்குப் பிறகு நடந்ததை விதி என்று சொல்வதா, துறைமுக நிர்வாகம் என்று சொல்வதா தெரியவில்லை. ஃபியேர் கடலுக்குப் போனாள். சர்க்கரை ஏற்றிய இங்கிலீஷ் கப்பல்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வரும்போது ஒரு பாய்மரத்தின் உச்சி முறிந்திருந்தது. கிடங்கில் மரம் இல்லை. அதனால் என்ன, சும்மா நிற்கிற செரேனிடம் இருக்கிறதே. எடுத்து வைத்தார்கள். அடுத்த தடவை நங்கூரக் கயிறு. அதற்கடுத்த தடவை பாய்கள். கடைசியில் மாலுமிகளிலும் நல்லவர்களாகப் பார்த்துப் பாதிப்பேரைக் கொண்டுபோனார்கள். அக்கா கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று தங்கை உடம்பிலிருந்து ஒவ்வொன்றாக உருவியதுபோல் இருந்தது. செரேன் தன் பெயருக்கு ஒரு களங்கமும் வராமல் துறையில் அசையாது நின்று பாசி வளர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அர்மெல் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவார். கருங்கோதுமை அப்பமும் பொரித்த மத்தி மீனும் இருக்கும். ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு பெரிய சர்க்கரைக் கட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"ஃபியேர் கொண்டாந்தது. அளந்து குடுத்தாங்க, எனக்குன்னு தனியா. பெலாஜி, மாப்ளக்குப் போட்டுக் குடு. சப்புனு உக்காந்திருக்காரு."

"எனக்குச் சர்க்கரை ஆகாது," என்றார் ஜில்தாஸ்.

"எப்பலேர்ந்து ஆகாதுய்யா?" என்றாள் பெலாஜி. "போன வாரம் தேன் சட்டிய நக்கிட்டிருந்தவன் யாரு?"

"தேன் வேற. அது தேனீ கொண்டாந்தது. எங்கயும் போய்க் கொள்ளையடிச்சது இல்ல."

"உன் செரேன் எதையாவது கொண்டாந்தா அதையும் போட்டுக் குடுக்குறேன்."

"கொண்டாருவாடி தங்கச்சி," என்றார் அர்மெல், மீன் முள்ளை உருவிக்கொண்டே. "சிப்பி கொண்டாருவா. அடியில ஏகப்பட்டது ஒட்டியிருக்கு."

ஜில்தாஸ் அன்று முழுவதும் சர்க்கரை போடாத காப்பியைக் குடித்தார். கசப்பை அனுபவித்துக் குடித்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஃபியேர் பிடிபட்ட செய்தி ஒரு குளிர்காலத்தில் வந்தது. ஸ்பெயின் கரைக்கு அப்பால் இரண்டு இங்கிலீஷ் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, நெடுநேரம் சண்டையிட்டு, சரணடைந்து கொடியை இறக்க வைத்துவிட்டன. ஊர் துக்கம் காத்தது. அர்மெல் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஜில்தாஸ் கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். மச்சானின் துக்கத்தில் பங்கெடுக்கிறார் என்று பாதிரியார் நெகிழ்ந்துபோனார். பெலாஜிக்கு மட்டும் அந்த மெழுகுவர்த்தி அத்தனை தடிமனாக இருந்தது உறுத்தியது.

அந்த இன்பம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. லோரியானுக்கு எதிரே, க்ருவா தீவுக்கு வெளியே, இங்கிலீஷ் கப்பல்கள் வருஷம் முழுக்க உலாவி நம் துறையிலிருந்து எதையும் வெளியேவிடாமல் காவல் காக்கும். ஞாயிறு பூசை முடிந்தால் ஊர்க்காரர்கள் மேட்டுக் கோபுரத்தடியில் கூடி அவற்றை வேடிக்கை பார்ப்பார்கள். எந்தக் கப்பல் புதிது, எது போய்விட்டது, எதன் பாய் கிழிந்திருக்கிறது என்று விமரிசனம் நடக்கும். அன்று தூரத்தில் ஒரு கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பியது. திரும்பிய விதத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் பேச்சு நின்றது. பாய் வெட்டு மாறியிருந்தது, வர்ணம் மாறியிருந்தது, கொடி எதிரியுடையது. ஆனால் தச்சுப் பட்டறைக்காரர்கள் நிறைந்த ஊரில் பெற்ற பெண்ணை மாறுவேஷத்தில் மறைக்க முடியுமா.

"நம்ம ஃபியேர்," என்றார் யாரோ.

அதற்குப் பிறகு லோரியான்காரர்கள் செய்ததை உலகில் வேறெந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார்கள். தங்களைப் பட்டினிபோட வந்து நிற்கிற எதிரிக் கப்பலைப் பார்த்துக் கை தட்டினார்கள். பக்கத்தில் வந்த, இங்கிலீஷ் பட்டறையில் கட்டிய கப்பல் ஒன்றை ஃபியேர் அநாயாசமாக முந்தியபோது ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "பாத்தியா, பாத்தியா, நம்ம பொண்ணுகிட்ட நடக்குமா." அர்மெல் தூரதர்சினியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தபோது கண் ஈரமாக இருந்தது, மீசை நிமிர்ந்திருந்தது.

ஜில்தாஸ் மெதுவாகப் பக்கத்தில் போனார். இந்தத் தருணத்துக்காகவே வாழ்ந்தவர்போல் ஒரு இரக்கத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "வருத்தமாத்தான் இருக்கும் மச்சான். நம்ம கையால செஞ்சது இப்போ நம்மளயே சுடுது."

"எதுக்கு வருத்தம்?" என்றார் அர்மெல். "இங்கிலீஷ்காரன் கண்டதையும் எடுத்துப்பானா? பிடிச்சதுல பாதிய வெறகுக்கு வெட்டிடுறான். இவள மட்டும் வர்ணம் பூசி, பாய் கட்டி, ராஜா கொடிய ஏத்தி வச்சிருக்கான். எதிரியே ஒத்துக்கிட்டான் மாப்ள. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஜில்தாஸ் வரவழைத்த இரக்கத்தை முகத்திலிருந்து இறக்கிவைத்தார்.

"உன்னோடத யாரு பிடிப்பா?" அர்மெல் தூரதர்சினியை மடக்கினார். "பிடிக்கணும்னா மொதல்ல வெளிய வரணும்ல."

அன்றைக்கு ராத்திரி ஜில்தாஸ் புரண்டுகொண்டே இருந்தார். தன் கப்பல் ஜெயிக்கவில்லை என்று பொறாமைப்பட்டவர்கள் சரித்திரத்தில் உண்டு. தன் கப்பலை எதிரி பிடித்துக்கொண்டு போகவில்லையே என்று பொறாமைப்பட்ட முதல் மனிதர் அநேகமாக இவராகத்தான் இருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து செரேனுக்குக் காலம் பிறந்தது. மர்த்தினீக் தீவில் இருந்த நம் படைகள் பட்டினி. கோதுமை மாவு கொண்டுபோக எந்தக் கப்பலாவது வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒரு பாய்மரத்தை அங்கிருந்தும் ஒரு பாயை இங்கிருந்தும் இரவல் வாங்கி செரேனுக்கு மாட்டினார்கள். அடியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்ட நேரம் இல்லை என்றார்கள். பீரங்கிகளுக்கு நடுவே மாவு மூட்டைகள் அடுக்கினார்கள். புறப்படுகிற வாரம் கப்பலின் கலப்பத்துக்காரர் ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்.

ஜில்தாஸுக்கு அப்போது ஐம்பது கடந்துவிட்டது. கப்பல்களிலேயே வாழ்ந்தவர், ஆனால் ஒன்றில்கூடக் கடலுக்குப் போனதில்லை. படகில் ஆற்றைக் கடந்தாலே வாந்தி எடுப்பார். சாராயக்கடையில் இந்தப் பேச்சு வந்தபோது அர்மெல் சிரித்தார்.

"மாவு வண்டிக்கு ஆளு தேடுறாங்களாம் மாப்ள. நீ போயேன். உன் கப்பல நீயே நம்ப மாட்டியா?"

"நான் ஏன் போகக் கூடாது?" என்றார் ஜில்தாஸ்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அதற்குள் கடை முழுக்கக் கேட்டுவிட்டது.

பெலாஜி மூட்டை கட்டிக்கொடுத்தாள். கம்பளிச் சட்டை, வெண்ணெய்க் குடுவை, வாந்திக்கு உப்பு போட்ட பன்றிக்கொழுப்பு. கட்டும்போது பேசிக்கொண்டே இருந்தாள். "மரக்கட்டைக்காக உசுரக் குடுக்கப் போறியா?"

"மரக்கட்டை இல்லடி. செரேன்."

"எங்கண்ணன் ஒரு வார்த்த சொல்லணும்னுதானே இவ்வளவும்? நானே சொல்றேன், செரேன்தான் தேவல. போதுமா? போவாத."

"உன் வாயால வந்து என்ன பிரயோசனம்," என்றார் ஜில்தாஸ் வருத்தத்துடன்.

கீழைக்காற்று அடித்த ஒரு பனிமூட்டக் காலையில் செரேன் நழுவினாள். க்ருவா தீவைத் தாண்டும்வரை பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியவில்லை. தாண்டியதும் மூட்டம் விலகியது. திரை விலகினால் எதிரே நாயகி நிற்பதுபோல், கொஞ்ச தூரத்தில் ஃபியேர் நின்றுகொண்டிருந்தாள்.

மற்ற எல்லாரும் கடவுளே என்றார்கள். கப்பல் பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஜில்தாஸ் தலையை நிமிர்த்தி, வாயைத் துடைத்து, "வாடி," என்றார்.

பகல் முழுக்கத் துரத்தல். ஒரே வரைபடம், ஒரே காடு, ஒரே கடல். செரேன் தன்னால் ஆனமட்டும் ஓடினாள். பாவாடை முழுக்கச் சேறு அப்பிக்கொண்டு ஓடுகிற பெண்ணால் எவ்வளவு தூரம் ஓட முடியும். மாலைக்குள் ஃபியேர் நெருங்கிவிட்டாள். குண்டுகள் வந்தன. கலப்பத்துக்காரருக்குச் சண்டையில் ஒரு வேலை உண்டு: நீர்மட்டத்தில் விழுந்த ஓட்டைகளை மர ஆப்பும் கொழுப்பும் வைத்து அடைப்பது. ஜில்தாஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடைத்தார். மாவு மூட்டைகள் பிளந்து, தண்ணீரோடு குழைந்து, அடித்தளம் முழுக்க ரொட்டி மாவாகிவிட்டது. கொடியை இறக்கிவிட்டார்கள் என்று ஒருவன் வந்து சொன்னபோது அவர் தலைமுதல் கால்வரை வெள்ளையாக, சுடவேண்டிய பதத்தில் இருந்தார்.

இங்கிலீஷ் லெப்டினென்ட் ஏறி வந்து, கத்திகளை வாங்கிக்கொண்டு, காயம்பட்டவர்களை எண்ணச் சொன்னார். ஜில்தாஸ் நேரே அவரிடம் போனார்.

"பாசி," என்றார். "பாசிதான் காரணம். சுரண்டியிருந்தா உங்களால பிடிச்சிருக்கவே முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே வரைபடம். எழுதி வச்சுக்குங்க."

லெப்டினென்டுக்குப் பிரெஞ்சு தெரியாது. இந்தக் கிழவருக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது என்று கருதி, மருத்துவரிடம் அனுப்பினார்.

பிளிமத் துறையில் செரேனைப் பரிசோதித்தார்கள். அடியில் பாசி, பாய்மரம் இரவல், தளத்தில் உலர்ந்த ரொட்டி மாவு. ஓட்டுவதற்குத் தகுதியில்லை என்று முடிவு செய்தார்கள். பாய்மரங்களைப் பிடுங்கி, மேலே பலகைக் கூரை போட்டு, ஜன்னல்களுக்குக் கம்பி வைத்து, பிரெஞ்சுக் கைதிகளை அடைக்கிற மிதக்கும் சிறையாக்கினார்கள். முதல் தவணையிலேயே ஜில்தாஸையும் அதில் அடைத்தார்கள்.

ஒரு மனிதன் தன் கையால் அடைத்த கப்பலுக்குள் தானே அடைபடுவது என்பது யோசித்துப் பார்த்தால் அழவேண்டிய விஷயம். ஜில்தாஸ் அழவில்லை. சுற்றிலும் நின்ற மற்றச் சிறைக்கப்பல்களில் கைதிகள் ஈரத்தில் இருமிச் செத்தார்கள். செரேனில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. யாராவது "இங்க மட்டும் காய்ஞ்சு கிடக்கே" என்று சொன்னால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து கீல் காய்ச்சும் பக்குவத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார். ஆகவே யாரும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

அவருடைய சிறைவாசத்தில் ஒரே சித்திரவதை எதிரே இருந்தது. ஃபியேர் இளைப்பாறவும் பழுது பார்க்கவும் அந்தத் துறைக்கே வந்து போனாள். புது வர்ணம், புதுப் பாய், அடியில் பளபளவென்று செப்புத் தகடு. காலையில் மாலுமிகள் அவளைக் கழுவித் துடைப்பதைக் கம்பி வழியே பார்த்துக்கொண்டு நிற்பார். கைதிகள் பொழுதுபோக்காக மாட்டெலும்பைச் செதுக்கிக் குட்டிக் கப்பல்கள் செய்து ஊர்ப் பெண்களுக்கு விற்பார்கள். எல்லாரும் ஃபியேரைத்தான் செய்தார்கள். "செரேனச் செய்யேன்" என்று அவர் ஒருவனிடம் கேட்டார். "பாய்மரம் இல்லாத கப்பல யாரு வாங்குவா? சோப்புப் பெட்டின்னு நெனச்சுப்பாங்க," என்றான் அவன்.

கைதிகளில் கதோ என்று ஒரு பீரங்கிக்காரன், சாம்-மாலோ ஊர்க்காரன். அவன் சில பேரைச் சேர்த்துக்கொண்டு கீழ்த்தளத்து மூலையில், பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். அறுத்த இடத்தில் கறுத்த ரொட்டியைக் கொழுப்பில் பிசைந்து பூசி மறைத்துவிடுவார்கள். ஜில்தாஸ் வாயாடி என்பதால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அமாவாசை இருட்டில் நீந்தித் தப்பிக்கக் காத்திருந்தார்கள்.

அந்த வாரம் பார்த்து ஃபியேர் வந்து மிக அருகில் நங்கூரமிட்டாள். ஜில்தாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செரேனை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துக்கொண்டே போனவர், மூலையில் ஈரத்தைக் கண்டார். விரலால் நோண்டினார். ரொட்டி. அவர் வாழ்க்கையில் எத்தனையோ மட்டமான கலப்பத்து பார்த்திருக்கிறார், ரொட்டி வைத்து அடைத்ததை மட்டும் பார்த்ததில்லை. இங்கிலீஷ் தொழிலாளிகளின் யோக்கியதை இவ்வளவுதான் என்று பல்லைக் கடித்தார். அதைவிட, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எதிரே, செப்புத் தகடு மாட்டிக்கொண்டு. அவள் கண்ணெதிரில் செரேன் ஒழுகுவதா.

காவலாளியிடம் சைகையால் கேட்டுப் பலகைத் துண்டும் நாரும் கீலும் வாங்கினார். காவலாளிக்கு ஒரே சந்தோஷம். மற்றவர்கள் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த வேளையில், முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே, தன் தொழில் வாழ்க்கையிலேயே மிக அழகான ஒரு அடைப்பை அடைத்து முடித்தார்.

கதோ இறங்கி வந்து பார்த்தான். அடைப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"யோவ் பெரியவரே," என்றான் கடைசியில், மிகத் தணிவாக. "இது என்னய்யா?"

"ஓட்டை இருந்துச்சு. அடைச்சுட்டேன். தட்டிப் பாரு, கல்லு மாதிரி."

"மூணு மாசம்யா. மழுங்கின கத்திய வச்சு மூணு மாசம் அறுத்தோம்."

ஜில்தாஸுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. பிறகு, தன்னையறியாமல், பேரம் பேசுகிறவர்போல் சொன்னார்: "நீர்மட்டத்துக்கு இவ்வளவு பக்கத்துல வெட்டலாமா தம்பி? அவளுக்குத் தாங்காதுப்பா."

அவரைக் கடலில் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று அன்று மாலை முறைப்படி ஓட்டெடுப்பு நடந்தது. கூரை மேல் மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அதனால் தப்பித்தார் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் சமாதானம் வரும்வரை அவரோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச ஆளில்லாதவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. ஜில்தாஸ் ஒரு பொய்யைத் தயாரிக்க ஆரம்பித்தார். என்றாவது ஒருநாள் ஊருக்குப் போவோம். மச்சான் நிச்சயம் ஃபியேரைப் பற்றிக் கேட்பார். உண்மை என்னவென்றால் ஃபியேர் ராணிபோல் இருக்கிறாள். அவளை அளந்து, அவளைப்போலவே புதிதாகச் சில கப்பல்கள் கட்ட இங்கிலீஷ் பட்டறை தயாராகிறது என்று காவலாளிகளே பேசிக்கொண்டார்கள். அதைச் சொல்வதற்கு நாக்கை அறுத்துக்கொள்ளலாம். எனவே: ஃபியேர் ஒழுகுகிறாள். இரவும் பகலும் தண்ணீர் இறைக்கிறார்கள். முதுகெலும்பு வளைந்துவிட்டது. மாலுமிகள் அவளைக் கட்டியவனின் பெயரைச் சொல்லித் துப்புகிறார்கள். ஒவ்வொரு இணைப்பாக, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, எந்தக் கேள்வியும் உள்ளே புகாதபடி அந்தப் பொய்யை அடைத்து வைத்தார்.

பேரரசர் விழுந்தார், மன்னர் வந்தார், கைதிகளை விட்டார்கள். ஜில்தாஸ் மொர்லே துறையில் இறங்கி, நடந்தும் வண்டியிலுமாக லோரியான் வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் கொடியின் நிறம்தான் மாறியிருந்தது. வாசலில் பெலாஜி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"இளைச்சுட்டே," என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வா. எங்கண்ணன் வந்திருக்கு. உனக்காகத்தான் தினம் வருது. உனக்காகன்னு சொல்லிக்குது."

அர்மெல் மேசையருகே உட்கார்ந்திருந்தார். முடி முழுக்கப் போயிருந்தது. ஜில்தாஸ் அதைத்தான் முதலில் பார்த்தார், ஒரு கணம் உடம்பெல்லாம் குளிர்ந்தது. வீக்கம் கண்ட காலைத் துணி சுற்றி முக்காலியில் வைத்திருந்தார். கட்டிக்கொண்டார்கள். பெலாஜி அப்பம் சுட ஆரம்பித்தாள்.

"மாப்ள," என்றார் அர்மெல். தொண்டையைச் செருமினார். "அங்க… அவளப் பாத்தியா?"

ஐந்து வருஷம் காத்திருந்த கேள்வி. ஜில்தாஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, செரேன் கைதிகளின் சிறையாக நின்ற கதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, ஃபியேரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒழுகல். இறைப்பு. வளைந்த முதுகு. மாலுமிகள் துப்பியது. சொல்லச் சொல்ல மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கீல் இறுகுகிறதா என்று பார்ப்பதுபோல.

அர்மெலின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார் ஜில்தாஸ். அர்மெல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா?" என்றார். "ராத்திரி பூரா இறைக்கிறானுங்களா? சத்தியமா?"

"சத்தியமா," என்றார் ஜில்தாஸ், குழம்பிப்போய்.

"அம்மாடி." அர்மெல் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இத்தன வருஷமா அந்த மேட்டுல நின்னு கை தட்டினேன்ல, வீட்டுக்கு வந்தா சோறு இறங்காது மாப்ள. நான் இழைச்ச ஒடம்புல எவன் எவனோ ஏறி ஓட்டுறான், அவளும் சிரிச்சுக்கிட்டுப் போறான்னு வயிறு எரியும். வெளிய சொல்ல முடியுமா? இப்பத்தான் ஆறுச்சு. அவ அவங்கிட்ட நல்லா இல்ல. போதும் எனக்கு." ஜில்தாஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "உன் செரேன்தான் மாப்ள தேவல. ஆயிரம் சொல்லு, அங்க போயும் ஒரு பயல ஓட்ட விட்டாளா? நம்ம ஆளுங்களயே சுமந்துக்கிட்டு நின்ன எடத்துல நின்னா. செரேன்தான் தேவல."

"மரக்கட்டைக்குப் போய்க் கற்புப் பாக்குறீங்களே, ரெண்டு பேரும்," என்றாள் பெலாஜி அடுப்பிலிருந்து.

வாழ்க்கை முழுக்க வேண்டிய வார்த்தை வந்துவிட்டது. ஒரு தடவை போதும் என்றிருந்தார், இரண்டு தடவை வந்தது. ஜில்தாஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே சந்தோஷம் எதுவும் இல்லை. எதிரே மச்சான் பத்து வயது குறைந்தவர்போல் உட்கார்ந்து, அப்பத்தின்மேல் வெண்ணெயை அள்ளி அப்பிக்கொண்டிருந்தார். அவர் இத்தனை நிம்மதியாக இருந்து ஜில்தாஸ் பார்த்ததே இல்லை. அந்த நிம்மதியைக் கொடுத்தவர் தானே என்பது இன்னும் மோசம். அடிவயிற்றில் பழைய நெருப்பு பற்றிக்கொண்டது.

"மச்சான்," என்றார். "நான் சொன்னது பொய்."

"எது?"

"எல்லாம். அவ நல்லா இருக்கா. ராணி மாதிரி இருக்கா. அடியில செப்புத் தகடு. தெனம் காலையில கழுவித் துடைக்கிறானுங்க. அவளப் பாத்து அதே மாதிரி இன்னும் நாலு கட்டப் போறானுங்க. காத்த எதுத்து அவ திரும்புற அழகுக்கு அந்தத் துறையே நின்னு பாக்குது." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒவ்வொன்றும் குடலைப் பிடுங்கியது.

அர்மெல் அப்பத்தைத் தட்டில் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார், மிகவும் அன்போடு.

"பெலாஜி, பாத்தியாடி உன் புருஷன? எம் மனசு நோகக் கூடாதுன்னு என்னமா சோடிச்சு சொல்றாரு." அவர் கண் கலங்கியிருந்தது. "வேண்டாம் மாப்ள. உண்மைய மொதல்லயே சொல்லிட்டே. நான் தாங்கிக்கிட்டேன்."

"இல்ல மச்சான், மாதா மேல ஆணையா, அவ நல்லா இருக்கா."

"சரி சரி. நல்லா இருக்கா." முதுகில் தட்டிக்கொடுத்தார். "சாப்புடு. ஆறிப் போவுது."

அர்மெல் அன்று மாலையே கோலை ஊன்றிக்கொண்டு சாராயக்கடைக்குப் போனார். ஃபியேர் இங்கிலீஷ்காரனிடம் ஒழுகுகிற கதையையும், அதை மறைக்க ஒரு மனிதன் பட்ட பாட்டையும் ஒரு வாரத்துக்குள் லோரியான் முழுக்கச் சொல்லி முடித்தார். பொறாமை என்பதே என்னவென்று தெரியாத மனிதர் ஜில்தாஸ் லெ கல்வே என்று ஊரில் பெயர் நிலைத்தது. கடையில் அவர் நுழைந்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள். பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே அவரை உதாரணம் காட்டினார். அப்போது ஜில்தாஸ் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் மச்சான் பெருமிதத்தோடு தலையாட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்த ஏன்யா அப்படி வச்சிருக்கே?" என்று பெலாஜி காதில் கேட்டாள்.

"அவருக்கு மறுபடியும் முடி முளைக்குதோன்னு பாக்குறேன்," என்றார் ஜில்தாஸ்.